உளநூற் கல்வியும் நம் கடமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மாணவர் உதவிநிதி பற்றிய கூட்டத்தின்போது, தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



தமிழாசிரியனாகிய யான் மேடையேறினால், குறளைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பல்கலைக் கழகத்தில் இளநிலைப் பட்டத்திற்கு உளநூல் பயிலுதல் என்பதே அது. முந்திய தலைமுறையினர் மனோதத்துவம் என்று வழங்கியதும், இக்காலத்துப் பாடநூல்கள் உளவியல் என்று வழங்குவதும் இதுவேயாம். இப்பொருளைத் தெரிந்தெடுத்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை ஒளியாமல் முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் உதவிநிதிக் குழுவிற்கு ஒரு விண்ணப்பம் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பெண் ஒருத்தி, உளநூலிற் பி.எஸ்ஸி. படிக்க விரும்பிப் பொருளுதவி வேண்டியிருந்தாள். குழுவினருள் ஒருவர், "இது பைத்தியக்காரரோடு பழகும் படிப்பன்றோ? நாளை இப்பெண்ணை யார் கொள்வார்?" என்றார். மற்றொருவர், "பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கேட்பவர்க்கே நிதி போதவில்லையே!" என்றார். யானும் அக்குழுவில் ஓர் உறுப்பினன். அப்பெண்ணோ என்னிடம் ஐந்தாண்டு தமிழ் பயின்றவள். அவளுடைய அறிவின் கூர்மையை நன்கறிந்திருந்தும் யான் வாய் திறந்தேனல்லேன். "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. அவள் தாயார் தம் கைவளைகளை அடகு வைத்து மகளைக் கல்லூரியிற் சேர்த்தார். அன்று பேசாதிருந்த குற்றத்திற்கு இன்று பேசுவதே கழுவாய் எனக் கருதுகின்றேன். வருகின்ற திங்களில் நிதிக்குழு மறுபடியும் கூடுகின்றது. இதே படிப்பிற்கு வேறு இரண்டு விண்ணப்பங்கள் காத்திருக்கின்றன. அவற்றைப் பற்றி முடிவு செய்யுமுன், அப்படிப்பு இன்னதென்று நாம் அறிந்திருத்தல் வேண்டுமல்லவா?

உளநூல் என்றவுடன் நம்மவர் மனத்தில் மூன்று தவறான எண்ணங்கள் எழுகின்றன. பிறர் நெஞ்சில் நினைப்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடும் வித்தை அது என்பது ஒன்று. பித்துப் பிடித்தவரைப் பற்றியது மட்டுமே அது என்பது மற்றொன்று. கணக்கு வராதவர்க்கும் வேறிடம் கிடையாதவர்க்கும் ஏற்ற எளிய பாடம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் என்னிடத்தும் இருந்தவை. அவை எங்ஙனம் நீங்கின என்பதே இன்றைய என் பேச்சின் பெரும்பகுதி.

முதலில் இந்நூலின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவேன். மனத்தைப் பற்றிச் சிந்தியாத நாடும் இல்லை, சமயமும் இல்லை. ஆயினும், மனத்தின் செயல்களை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்து பார்க்கலாம் என்று துணிந்தது சென்ற நூற்றைம்பது ஆண்டுகளுக்குட்பட்ட செய்தியே. ஜெர்மனி தேசத்து லைப்சிக் பல்கலைக் கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்பார் 1879-ஆம் ஆண்டில் அமைத்த ஆய்வுக்கூடத்தையே இதன் தொடக்கமாகக் கொள்வர். 1885-இல் ஹெர்மன் எபிங்ஹௌஸ் என்பார் நினைவையும் மறதியையும் அளந்து எழுதினார். 1890-இல் அமெரிக்கராகிய வில்லியம் ஜேம்ஸ் உளநூற் கொள்கைகளைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

நம் நாடும் இதில் நெடுங்காலம் பின்தங்கியிருக்கவில்லை. கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் 1916-ஆம் ஆண்டிலேயே உளநூலுக்குத் தனித்துறை ஏற்பட்டது. அதனை நடத்திய சென்குப்தா அவர்கள் அமெரிக்காவின் ஹார்வர்டில் பயின்று வந்தவர். மைசூரில் 1924-இல் கோபாலசுவாமி அவர்கள் தலைமையில் ஒரு துறை எழுந்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1943-இல் போவாஸ் அவர்கள் தலைமையில் உளநூல் துறை அமைந்தது. இவற்றிற்கெல்லாம் முன்னரே, 1901-02-ஆம் ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்து ரிவர்ஸ் என்பார் நம் நீலகிரிக்கு வந்து, தோடர்களிடையே தங்கி, அவர்களுடைய பார்வை முதலிய புலன்களைக் கருவிகளால் அளந்து சென்றார் என்பது நம்முட் பலர் அறியாத செய்தி. ஆதலின் இப்படிப்பு நேற்று முளைத்ததுமன்று, நம் மண்ணுக்கு முற்றும் புதியதுமன்று.

நிற்க. மூன்றாண்டுப் படிப்பில் என்ன கற்பிக்கின்றனர்? கல்லூரிக்குக் கல்லூரி சிறு வேறுபாடுகள் உண்டெனினும் பொதுவாக இவை அமையும். முதலாண்டில் பொது உளநூல்: காண்டல், கேட்டல், கவனித்தல், கற்றல், நினைத்தல், உணர்ச்சி, ஊக்கம், அறிவுத்திறன் என்பன. அதனோடு மூளை, நரம்பு இவற்றின் அமைப்பும் தொழிலும். பின்னர், கருவிலிருந்து முதுமைவரை மனிதன் வளருமாற்றைக் கூறும் வளர்ச்சி உளநூல். கூட்டத்தில் மனிதன் நடந்துகொள்ளுமாற்றைக் கூறும் சமுதாய உளநூல். மனநோய்களின் இயல்பைக் கூறும் பகுதி. தொழிற்சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றிற் பயன்படும் பகுதிகள். பித்தைப் பற்றிய பாடம் இத்தனையுள் ஒன்றே என்பதை நீங்கள் கருதுதல் வேண்டும்.

இவற்றோடு இரண்டு தூண்கள் உண்டு. ஒன்று புள்ளியியல், மற்றொன்று செய்முறைச் சோதனை. கணக்கிற்கு அஞ்சி இப்படிப்பிற் சேர்ந்தவர் முதற்பருவத்திலேயே திகைக்கின்றனர். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு ஆகியவற்றைக் கணிக்கவும், ஒரு விளைவு தற்செயலாய் நேர்ந்ததா அன்றா என்று தேரவும் கற்றாக வேண்டும். இது வெறும் எண் விளையாட்டன்று. செய்தித்தாள் வாங்கும் வீட்டுப் பிள்ளைகள் நன்கு படிக்கின்றனர் என்று கண்டால், செய்தித்தாளே அதற்குக் காரணம் என்று நாம் உடனே முடிவு கட்டுகின்றோம். அவ்வீட்டில் செல்வமும் ஓய்வும் படித்த பெற்றோரும் இருத்தல் கூடும். உண்மைக் காரணம் அதுவாகலாம். இரண்டு ஒருங்கு நிகழ்வதனால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது என்னும் இவ்வொரு பாடத்தை மட்டும் நம் வீடுகள் கற்றிருப்பின், வீட்டில் நேர்ந்த ஒரு சாவுக்குப் புதிதாய் வந்த மருமகளின் ராசியைக் காரணமாகச் சொல்லும் கொடுமை நம்மிடையே ஒழிந்திருக்கும்.

செய்முறைச் சோதனைகளைப் பற்றி என் அநுபவத்தையே சொல்லுகின்றேன். சென்ற ஆண்டு பொங்கல் விடுமுறையில் அம்மாணவி என் இல்லத்திற்கு வந்தாள். "ஐயா, என் சோதனைக்கு ஒருவர் உட்பட வேண்டும். அரைமணி நேரம் ஒதுக்குவீர்களா?" என்று கேட்டாள். நிதிக்குழுவில் நடந்ததை அவள் அறிவாள். எனினும் அதனைக் குறித்து ஒரு சொல்லும் சொன்னாளல்லள். "ஆகட்டும் அம்மா" என்று அமர்ந்தேன்.

முதலில் ஒரு தாளில் இரண்டு கோடுகளைக் காட்டினாள். ஒன்றன் முனைகளில் சிறு கோடுகள் உள்நோக்கி மடிந்திருந்தன. மற்றதன் முனைகளில் வெளிநோக்கி விரிந்திருந்தன. எது நீளமானது என்றாள். இரண்டாவதே என்றேன். அளவுகோலை என் கையிற் கொடுத்தாள். இரண்டும் ஒரே நீளம்! அளந்து அறிந்த பின்னும் என் கண்ணுக்கு இரண்டாவது கோடு நீளமாகவே தோன்றியது. 1889-இல் முல்லர்-லயர் என்பார் வெளியிட்ட இக்கண்மயக்கம் மாணவர் செய்யும் முதற் சோதனைகளுள் ஒன்று. ரிவர்ஸ் நீலகிரியில் இதே கோடுகளைத் தோடர்களுக்குக் காட்டியபோது, அவர்கள் ஆங்கிலேயரினும் குறைவாகவே ஏமாந்தனர். நாகரிகத்தில் தாமே உயர்ந்தவர் என்று கருதியிருந்தவரினும், மலைவாழ்நர் கண் மெய்க்கு அண்மையில் நின்றது. காணும் கண்ணும் பழகிய இடத்திற்கேற்ப வேறுபடுகின்றது என்பதற்கு இது சான்றாயிற்று.

அடுத்ததே என்னை அசைத்தது. பொருளில்லாத அசைகள் பன்னிரண்டை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கெவ், நூட், லிப் என்றாற் போல்வன. ஆயிரக்கணக்கான செய்யுள்களை நினைவிற் கொண்டவன் என்னும் செருக்கு எனக்கு உண்டு. "இவ்வளவுதானா?" என்று நகைத்தேன். பிழையின்றிச் சொல்லுவதற்கே பலமுறை பார்க்க நேர்ந்தது. இருபது நிமிடம் வேறு பேச்சில் கழிந்தபின் கேட்டாள், ஐந்துதான் வந்தன! பின்னர்ப் பொருளுடைய பன்னிரண்டு சொற்களைக் கொடுத்துச் சோதித்தாள், பத்து நின்றன. அவள் குறித்துக்கொண்டு, "எபிங்ஹௌஸ் இத்தகைய அசைகளைத் தாமே மனனம் செய்து தம்மையே சோதித்தார், ஐயா. கற்ற ஒரு மணி நேரத்திற்குள் பெரும்பகுதி போய்விடுகின்றது. எஞ்சியது மெல்ல மெல்லக் குறைகின்றது. 2015-இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி செய்து பார்த்தும் ஏறத்தாழ அவ்வாறே கண்டனர்" என்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. செய்யுள்கள் என் நினைவில் நிற்பது என் மூளையின் பெருமையன்று. பொருளும் எதுகை மோனையும் ஓசையும் அவற்றைக் கட்டி நிறுத்தியிருக்கின்றன. என் வகுப்பிற் பொருள் விளங்காமற் செய்யுளை ஒப்பிக்கும் சிறுவனுக்கு, அச்செய்யுள் 'கெவ் நூட் லிப்' என்பதனோடு ஒத்ததேயாம். யான் பொருளற்ற அசைகளில் ஐந்தே நினைவுகூர்ந்தேன். அவன் செய்யுளில் நான்கடியை மறந்தால் பெஞ்சின்மேல் ஏற்றினேன். அன்றுமுதல் பொருளைச் சொல்லி, காட்சியை விளக்கி, அதன்பின்னரே மனனம் செய்யச் சொல்லுகின்றேன். ஒரே நாளிற் பத்துமுறை சொல்வதைவிட, இடைவிட்டுச் சில நாள்களில் சொல்லுவது நிலைக்கின்றது என்பதையும் அவளிடமிருந்தே கற்றேன். இருபதாண்டு ஆசிரியத் தொழில் சொல்லித் தராததை, இரண்டாம் ஆண்டு மாணவியின் ரெக்கார்டு நோட்டு சொல்லித் தந்தது.

இன்னும் ஒன்று உண்டு. அதனைச் சொல்ல நாணுகின்றேன். எனினும் சொல்லுதல் கடன். யான் பணியிற் சேர்ந்த புதிதில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கதை சொன்னால் கண் இமையாமல் கேட்பான். வாயாற் கேட்ட வினாக்களுக்கு மற்றவரை முந்தி விடை சொல்வான். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும். படிக்கச் சொன்னால் வரிகள் தவறும். "வாயாடி, சோம்பேறி" என்று அவனுக்கு யான் பெயரிட்டேன்; பிரம்பும் எடுத்தேன். எட்டாம் வகுப்போடு அவன் படிப்பை விட்டொழிந்தான். அம்மாணவி தன் பாடநூலிலிருந்து டிஸ்லெக்சியா என்னும் கற்றற் குறைபாட்டின் இயல்பை எனக்கு விளக்கியபோது, அறிவிற் குறைவில்லாத பிள்ளைக்கும் எழுத்தைப் படிப்பதில் மட்டும் இடர்ப்பாடு இருத்தல் கூடும் என்று அவள் சொன்னபோது, அச்சிறுவன் முகம் என் கண்முன் வந்து நின்றது. அவனுக்கு இருந்தது அதுவே என்று இன்று துணிந்து கூற இயலாது. சோதித்து அறிந்தார் ஒருவருமிலர். சோதித்து அறிய வேண்டும் என்னும் எண்ணமே எனக்குத் தோன்றாமற் போயிற்றே, அதுதான் என் குற்றம். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்கற்றற் குறைபாட்டையும் தன்னுள் சேர்த்திருக்கின்றது. சட்டம் வந்துவிட்டது, பள்ளிதோறும் அதனைக் கண்டறியத்தக்க பயிற்சி பெற்றோர்தாம் வேண்டும்.

"இவையெல்லாம் நம் தொல்காப்பியத்தில் இல்லையா?" என்று தமிழன்பர் சிலர் கேட்பர். யானும் கேட்டவனே. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளையும், ஒவ்வொன்றிற்கும் நந்நான்கு நிலைக்களன்களையும் வகுத்துக் கூறுகின்றது. நாணமுற்றவர் எங்ஙனம் நிற்பர், அச்சமுற்றவர் எங்ஙனம் பார்ப்பர் என்பதை நம் புலவர் கண்ட நுண்மைக்கு ஈடு காண்டல் அரிது. இப்பாடத்திற்கு வரும் தமிழ்ப்பிள்ளை அச்செல்வத்தோடு வருதல் நன்று. ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. அது செய்யுள் செய்வார்க்கும் ஓதுவார்க்கும் உரிய இலக்கணம். கூர்ந்து கண்டு பெயரிடுவதோடு அதன் பணி நிறைவுற்றது. உளநூலோ, கண்டது சரியா என்று நூறு பேரிடம் சோதித்து, பிழையெனின் கைவிடும் முறையை உடையது. முன்னோர் பெருமையைப் பேசுதல் ஒன்று. அவர் விட்ட இடத்திலிருந்து நடத்தல் மற்றொன்று. இரண்டாவதற்கு நம் பிள்ளைகளை அனுப்ப வேண்டும்.

சமுதாய உளநூலில் ஒரு சோதனை உண்டு. அதனை இம்மேடையிற் சொல்லலாமா என்று பலமுறை எண்ணினேன். நீங்கள் என்னைப் பொறுப்பீர்கள் என்னும் நம்பிக்கையாற் சொல்லுகின்றேன். ஹென்றி டஜ்ஃபெல் என்பவர் போலந்து தேசத்து யூதர். இரண்டாம் உலகப் போரிற் சிறைப்பட்டு மீண்டவர். மீண்டபோது நெருங்கிய குடும்பத்தினரெல்லாம் மாண்டிருக்கக் கண்டவர். மனிதர் குழுவாகப் பிரிந்து ஒருவரையொருவர் ஏன் வெறுக்கின்றனர் என்று ஆராய்வதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிச் சிறுவர் 64 பேரை, திரையில் தோன்றும் புள்ளிகள் எத்தனை என்று மதிப்பிடச் செய்து, அதன்படி பிரிப்பதாகச் சொல்லி, உண்மையில் மனம்போனவாறு இரண்டு குழுவாக்கினார். வேறொரு சோதனையில் இரண்டு ஓவியருள் எவர் படம் பிடிக்கின்றது என்பதன்மேற் பிரித்தார். தன் குழுவில் வேறு யார் உளர் என்று எச்சிறுவனுக்கும் தெரியாது. பகையில்லை, பழங்கதையில்லை. பின்னர், பெயரறியாத மற்றவர்க்குச் சிறு தொகைகளைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார். பெரும்பாலோர் தம் குழுவினனுக்கே மிகுதியாகக் கொடுத்தனர். அதனினும் வியப்பு யாதெனின், தம் குழுவினர்க்கு மொத்தத்திற் குறைவாகக் கிடைப்பினும், மற்றக் குழுவினும் கூடுதலாக இருக்கும் வழியையே பலர் விரும்பினர். இவ்வாராய்ச்சி 1970-இல் வெளிவந்தது.

பெரியோர்களே! புள்ளிகளை எண்ணியதற்காகப் பிரிந்த சிறுவரே இங்ஙனம் ஆயினர் என்றால், பல நூற்றாண்டுப் பெயரும் கோயிலும் கொள்வினை கொடுப்பினையும் உடைய நாம் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! நம் பிள்ளைகளின் கல்விக்காக நாம் கூடியது நன்று. அதில் யான் பெருமையே கொள்ளுகின்றேன். "நம் பிள்ளை முன்னேற வேண்டும்" என்பது ஓர் எண்ணம். "அடுத்த தெருப் பிள்ளையைவிட முன்னேற வேண்டும்" என்பது வேறோர் எண்ணம். முன்னது சங்கத்தை வளர்க்கும். பின்னது மனத்தைக் குறுக்கும். இவ்விரண்டிற்கும் உள்ள எல்லைக்கோட்டை இச்சோதனையைப் படித்த பிறகே யான் தெளிவாகக் கண்டேன். நமக்கு இனிமையானதை மட்டும் சொல்லுவது கல்வியாகாது.

தன்னைத் தானே ஐயுறவும் இந்நூல் அறியும். 2015-ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வாளர் கூடி, முன்னரே வெளிவந்த 100 உளநூல் ஆராய்ச்சிகளை மீண்டும் செய்து பார்த்தனர். 100-க்கு 36 அளவிலேயே முன்போல் உறுதியான விளைவு கிடைத்தது. இதனை மறைக்காமல் அவர்களே உலகறிய வெளியிட்டனர். இதனாற் படிப்பு பழுதென்று முடிவு செய்தல் கூடாது. தன் குறையைத் தானே எண்ணிச் சொல்லும் துறையில் நேர்மை உண்டு. நம் குடும்பங்களில் எத்தனை நம்பிக்கைகள் இங்ஙனம் மறுசோதனைக்கு உட்பட்டன என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக.

இனிப் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு வருவேன். "படித்தால் வேலை உண்டா?" என்பது அது. இதற்கு இனிப்புப் பூசிய விடை தரமாட்டேன். இளநிலைப் பட்டம் மட்டும் பெற்றவர் மனநோயாளர்க்குச் சிகிச்சை செய்ய உரியரல்லர். மருந்து எழுதித் தரும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் அத்துறையிற் பயின்றவர். அது வேறு வழி. உளநூல் வழியில் நோயாளரைச் சோதித்துப் பேச்சினாலும் பயிற்சியினாலும் உதவும் கிளினிக்கல் உளவியலாளர் ஆவதற்கு, முதுநிலைப் பட்டமும், அதன்மேல் மருத்துவமனையில் மூத்தோர் கண்காணிப்பிற் பெறும் பயிற்சியும், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியப் புனர்வாழ்வுக் கவுன்சிலின் பதிவும் வேண்டும். நெடுங்காலம் இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பே அதற்கு வாயிலாய் இருந்தது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின் அவ்வாயில் மாறிவருகின்றது. ஆதலின் சேருமுன் அவ்வாண்டின் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும்.

இளநிலையோடு நிற்பவர்க்குச் சமூகப் பணி, நிறுவனங்களில் ஆள் தெரிவு, அரசுத் தேர்வுகள் முதலிய வழிகள் திறந்திருக்கின்றன. பெருஞ்சம்பளம் என்று சொல்லமாட்டேன். வாழ இயலாத படிப்பு என்றும் சொல்லமாட்டேன். மேலும் பயில்வதே சிறப்பு. அதனால், இப்படிப்பிற்கு நிதி கொடுப்பதாயின் மூன்றாண்டோடு நிறுத்தாமல் ஐந்தாண்டிற்கேனும் திட்டமிடல் வேண்டும். பாதிவழியில் விடுதல் கொடாமையினும் தீது.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. அஞ்சல்வழிப் படித்துப் பட்டம் பெறலாம் என்று இன்னும் சிலர் எண்ணியிருக்கின்றனர். 2025 ஜூலை-ஆகஸ்டுப் பருவம் முதல் உளநூலைத் தொலைநிலைக் கல்வியாகவும் இணையவழிக் கல்வியாகவும் நடத்தலாகாது என்று பல்கலைக் கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. சோதனையும் நேர்ப்பயிற்சியும் வேண்டிய படிப்பிற்கு அது தக்கதே. ஆகையால் விளம்பரத்தைக் கண்டு பணம் கட்டி ஏமாறாதீர்கள். மற்றொன்று, சென்னை மாநிலக் கல்லூரி முதலிய சில அரசினர் கல்லூரிகளில் இப்பாடம் உண்டு. பிறவிடங்களிற் கட்டணம் மிகுதியாதலின், முதலில் அரசினர் கல்லூரிகளுக்கும் உதவிபெறும் கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்தல் நலம்.

பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழிப் பயின்ற பிள்ளை முதலாண்டில் இதனாலேயே சோர்ந்துவிடுகின்றது. பொருள் விளங்காததன்று, சொல்லே மலையாக நிற்கின்றது.

கடைசியாக, இப்படிப்பு வேண்டுவதன் இன்றியமையாமையை ஒரு துயர நிகழ்ச்சியால் நினைவூட்டுகின்றேன். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் வெந்து மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர் கொடியவரல்லர். எங்கே கொண்டுசெல்வது என்று அறியாத தாய் தந்தையரும் உடன்பிறந்தாருமே. கீழ்ப்பாக்கத்து அரசினர் மனநல நிலையம் 1794-ஆம் ஆண்டு முதல் சென்னையிற் பணிசெய்து வருவது. ஆயினும் நோயை நோயென்று அறிந்து சொல்ல ஊரில் ஒருவரில்லையேல், மருத்துவமனை இருந்தும் பயனென்ன?

2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதேனும் ஒருவகை மனநோய் உடையவராயிருந்தனர் என்றும், நோய்க்கு நோய் வேறுபட்டு 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை என்றும் கண்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியிடுதலை அறவே தடுத்துவிட்டது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்னும் தொலைபேசி எண்ணில் அரசின் டெலி-மானஸ் பணி நடைபெறுகின்றது. அல்லல் உற்றவர் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை ஒவ்வொருவரும் இல்லத்திற் குறித்து வையுங்கள். நம் சங்கத்துக் குடும்பங்களிலும், மூடிய அறைக்குள் ஒருவரை வைத்து, கேட்டால் "ஊருக்குப் போயிருக்கின்றான்" என்று சொல்லும் வீடுகள் உண்டு என்பது நம் எல்லார்க்கும் தெரியும். தெரிந்தும் நாம் பேசுவதில்லை. "இப்பெண்ணை யார் கொள்வார்?" என்று அன்று கேட்ட கேள்வியும், அவ்வீடுகளின் தாழிட்ட கதவும் ஒரே அச்சத்திற் பிறந்தவை.

ஆதலின் இச்சபையின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, உதவிநிதி வழங்குங்கால் உளநூலையும் பொறியியல், மருத்துவம் இவற்றோடு ஒப்ப வைத்து, மாணவரின் தகுதியையும் வறுமையையும் மட்டுமே பார்த்தல் வேண்டும். இரண்டாவது, இப்படிப்பிற்குக் கொடுக்கும் உதவி முதுநிலை முடியுமளவும் தொடர்தல் வேண்டும். மூன்றாவது, ஆண்டிற்கொரு முறையேனும் பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒருவரை இங்கு அழைத்து, பெற்றோரும் ஆசிரியரும் கேட்டுத் தெளிய வழிசெய்தல் வேண்டும்.

என் பங்கிற்கு, ஞாயிறுதோறும் மாலையில் இச்சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, உளநூல் பயிலும் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கலைச்சொற்களின் பொருளைத் தமிழில் விளக்கிக் கொடுக்க ஒருப்படுகின்றேன். அவர்கள் எனக்குப் பாடம் சொல்லட்டும். யான் அவர்களுக்குச் சொல் தருவேன். மற்றொன்று. அம்மாணவி இவ்வாண்டு மூன்றாம் ஆண்டிற்குச் செல்லுகின்றாள். அவளுடைய தாயாரின் வளைகள் இன்னும் அடகிலேயே இருக்கின்றன. அவற்றை மீட்பதற்காக என் ஒரு மாதச் சம்பளத்தைச் செயலாளர் அவர்களிடம் இன்று காலையிற் கொடுத்துவிட்டேன். குறைந்ததை இச்சபை நிறைவு செய்யும் என்று நம்புகின்றேன். இது தருமமன்று, இரண்டாண்டுத் தவணை கடந்த கடன்.